பக்கத்து வீட்டுக் குளிர்கால சூப்பும் மாமியின் வார்ஃபரின் குளிசையும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து 44 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாகிறது. வீட்டில் கணவர், 9 வயது மகன், 71 வயது மாமி. பக்கத்து வீட்டில் ஹொங்கொங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நவம்பர் பிறந்ததும் அவர் பெரிய பானையில் மூலிகை சூப் வைத்து இவர்களுக்கும் ஒரு சட்டி கொண்டு வந்து தருகிறார். ஆட்டிறைச்சி, இஞ்சி, சிவப்புப் பழம், கோஜி என்ற சிறு உலர்பழம், 'டொங் குவாய்' என்ற வேர் எல்லாம் அதில் இருக்கின்றன.

மாமிக்கு இதயத்தில் உலோக வால்வு இருக்கிறது, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் எண் வழக்கமாக 3 அளவில் நிற்கும்; மூன்று வாரம் தினமும் சூப் குடித்த பிறகு 4.7 ஆகிவிட்டது. பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது. "புதிய மருந்து, மூலிகை ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கிளினிக்கில் கேட்டபோது, "இல்லை, சூப் மட்டும்தானே, அது சாப்பாடு" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். வார்ஃபரின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். சூப் தொடர்கிறது.

வாசகிக்குக் குளிர் தொடங்கியதிலிருந்து கை கால் சில்லென்றிருக்கிறது, விரல் நுனி வெளுக்கிறது, களைப்பு, நாரி உளைவு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுவதால் மனமும் சோர்கிறது. பிரஷருக்கு ஊரில் தொடங்கிய அட்டெனலோல் 50 மி.கி., இங்கே சேர்த்த ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5 மி.கி. எடுக்கிறார். "உங்கள் கிட்னி குளிர்ந்துவிட்டது, இரத்தமும் குறைவு" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதிலிருந்து சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்ற பயம். இருமலுக்குத் தினமும் மூன்று கோப்பை அதிமதுரத் தேநீர். டிசம்பர் 21இலிருந்து 81 நாளுக்கு, இணையத்தில் வாங்கிய 'குளிர்காலப் பாகு' ஒன்றை எடுத்து, பிரஷர் குளிசையை மெல்ல விடலாமா என்று கேட்கிறார். மகனுக்கும் இவற்றைக் கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதை நான் முதலில் எடுக்கவில்லை. கடிதத்தின் நடுவில் ஒரு வரியாகப் போட்டிருக்கும் மாமியின் 4.7தான் முதலில். இதை வாசித்து முடிக்கும் முன்பே வார்ஃபரின் கிளினிக்குக்கு ஒரு தொலைபேசி எடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

கிளினிக்கில் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, மூன்று வாரமாக டொங் குவாயும் கோஜியும் போட்ட சூப் குடிக்கிறார். இரண்டு, முரசில் இரத்தம் வருகிறது. ஏச்சு விழுமோ என்று தயங்காதீர்கள். அவர்களுக்கு இந்தத் தகவல் இல்லாததால்தான் ஆபத்து கூடுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். டொங் குவாய் வேரில் கூமரின் வகைப் பொருட்களும் ஃபெரூலிக் அமிலமும் உண்டு. வார்ஃபரின் எடுப்பவர்கள் அதைச் சேர்த்து எடுத்தபோது ஐ.என்.ஆர் ஏறியதாக மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. கோஜித் தேநீர் குடித்தவர்களிலும் அதே போலப் பதிவாகியிருக்கிறது. இவை தனித்தனி நோயாளிகளின் குறிப்புகள்தான், பெரிய ஆய்வுகள் அல்ல. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மாமியின் எண் ஏறியிருக்கிறது, இரத்தமும் வருகிறது. இனி இதில் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

இப்போது கிளினிக், சூப் இருப்பது தெரியாமல் வார்ஃபரினைக் குறைத்திருக்கிறது. நீங்கள் பயந்துபோய் யாருக்கும் சொல்லாமல் நாளைக்குச் சூப்பை நிறுத்தினால், குறைத்த வார்ஃபரின் மட்டும் மிஞ்சும். ஐ.என்.ஆர் தேவைக்குக் கீழே இறங்கும். உலோக வால்வில் இரத்தம் கட்டியாகி, அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். அதனால் சூப்பை நிறுத்துவதும் அளவைத் திருத்துவதும் ஒன்றாக நடக்க வேண்டும், சில நாட்களுக்குள் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். எந்த நாளில், எத்தனை மி.கி. என்பதை அவர்களே சொல்லட்டும். வீட்டில் கணக்குப் போட வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போவது, சிறுநீரில் இரத்தம், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், திடீரென்று வரும் கடுமையான தலையிடி, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று வந்தாலும் 911. இது வழுக்கும் காலம் வேறு. படியில் வழுக்கி மாமியின் தலை அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், "நல்லாத்தான் இருக்கிறேன் பிள்ளை" என்று அவரே சொன்னாலும், நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மண்டைக்குள் கசிவு மணிக்கணக்கில் மெதுவாகப் பெருகலாம்.

இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய குளிசைக்கு மாற்றலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அந்த வகை மருந்துகள் சரிவராது, வார்ஃபரின்தான்.

சூப் சாப்பாடா, மருந்தா?

இரண்டும்தான். நீங்கள் தடுமாறிய இடம் இது, தடுமாறுவது இயல்பும்கூட. நம் வீட்டில் ரசத்துக்குப் போடும் மிளகையும் சீரகத்தையும் யாராவது வைத்தியரிடம் சொல்வார்களா? ஆனால் ஆட்டிறைச்சி, இஞ்சி, டொங் குவாய் மூன்றும் சேர்ந்த அந்த சூப், சீனாவின் கிழக்கு ஹான் அரச காலத்து வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங்கின் மருத்துவ நூலில் அளவோடு இருக்கும் மருந்து. ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்னர் அவர் எழுதிய கணக்கு: வேர் 3 பங்கு, இஞ்சி 5 பங்கு, இறைச்சி 16 பங்கு. குளிரால் வரும் வயிற்று வலிக்கும், பிள்ளை பெற்ற பெண்களின் வயிற்று வலிக்கும் அவர் அதைக் கொடுத்தார். குளிர்காலம் வந்தால் எல்லோரும் குடிக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை.

சீன மரபின்படியே டொங் குவாய் 'இரத்தத்தை ஓட வைக்கும்' வேர். இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஆகவே மாமிக்கு மட்டுமல்ல, மாதவிடாய் அதிகமாகப் போகும் உங்களுக்கும் அந்த வேர் பொருத்தமில்லை.

சூப்பையே விட வேண்டியதில்லை. வேரையும் கோஜியையும் எடுத்துவிட்டு இப்படி வையுங்கள். எலும்போடு ஆட்டிறைச்சி 500 கிராமைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, நுரை பொங்கியதும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இறைச்சியைக் கழுவுங்கள். சுடுதண்ணீரில் நேரே போட்டால் மேற்பரப்பு இறுகி, உள்ளே இருக்கும் இரத்தமும் கவிச்சியும் வெளியே வராமல் சூப் கலங்கலாகிவிடும். பிறகு இரண்டு லீற்றர் புதுத் தண்ணீர், தட்டிய இஞ்சி 30 கிராம், விதை நீக்கிய சிவப்புப் பழம் ஐந்து. நம் கடைகளில் இதைச் சிவப்புப் பேரீச்சை என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் இது நம் இலந்தையின் இனம். மெல்லிய நெருப்பில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் வெள்ளை முள்ளங்கி 300 கிராம். உப்பு இறக்கும்போது மட்டும், அதுவும் கொஞ்சமாக. பிரஷர் உள்ள வீடு உங்களுடையது. இது நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். வெள்ளிக்கிழமைகளில் மாமி மரக்கறி என்றால் தாமரைக் கிழங்கும் கச்சானும் போட்டு அதே முறையில் வைக்கலாம். அதுவும் தென்சீன வீடுகளின் சூப்தான்.

மாமிக்கு இன்னொரு குறிப்பு. சீனக் கடையின் பச்சை இலைகளையும் முருங்கை இலையையும் முற்றாக நிறுத்த வேண்டாம். அவற்றின் வைட்டமின் கே வார்ஃபரினை எதிர்க்கும் என்பது உண்மை. அதற்காக ஒரு கிழமை நிறையச் சாப்பிட்டு அடுத்த கிழமை ஒன்றுமே சாப்பிடாமல் விட்டால்தான் ஐ.என்.ஆர் ஆடும். கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவு இருக்கட்டும். முள்ளங்கிக் கிழங்கில் அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் 'கிட்னி'

பக்கத்து வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை, நீங்கள் நினைப்பதைச் சொல்லவும் இல்லை. சீன வைத்தியத்தில் சிறுநீரகம் என்று மொழிபெயர்க்கும் சொல், கிரியேட்டினின் பார்த்து அளக்கும் உறுப்பை மட்டும் குறிப்பதல்ல. உடம்பின் சேமிப்பு, நாரி, எலும்பு, காது, பிள்ளைப்பேறு, குளிர்காலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் பெயர் அது. நம் நாட்டு வைத்தியர் 'வாதம்' என்றால் காற்று என்று மட்டும் பொருள் கொள்ள மாட்டோம் அல்லவா, அதுபோல. 'இரத்தம் குறைவு' என்பதும் ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்துச் சொல்வது அல்ல. உங்கள் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

ஆனால் உங்கள் உடம்பு ஏதோ சொல்கிறது. கடிதத்தில் இருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது குளிர்காலம் அல்ல, அட்டெனலோல். அந்த வகை மருந்துகள் கை கால் விரல்களுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், களைப்பையும் தரும். ஊரில் வெக்கையில் தெரியாமல் இருந்தது இங்கே மைனஸ் பத்தில் தெரிகிறது. பிரஷரையும் குறைத்து விரல்களின் இரத்தக் குழாய்களையும் விரிக்கும் வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. "என் விரல் வெளுக்கிறது, இதை மாற்ற முடியுமா?" என்று குடும்ப வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்.

நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். அட்டெனலோலைத் திடீரென்று விட்டால் இதயம் படபடத்து, பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். மாற்றுவதானாலும் படிப்படியாகத்தான். குளிர்காலத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்கி எல்லோருக்குமே பிரஷர் கொஞ்சம் கூடும். குளிசையை விடுவதற்கு இதைவிட மோசமான பருவம் இல்லை.

அடுத்தது இரும்புச் சத்து. மாதவிடாய் அதிகம், களைப்பு, குளிர் தாங்காமை. இந்த மூன்றும் சேர்ந்தால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்காமல் விடக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் 30க்குக் கீழே போயிருக்கலாம். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச், வைட்டமின் பி12, கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றையும் ஒரே இரத்தத்தில் பார்த்துவிடலாம். குறைவென்று வந்து இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தால், சாப்பாட்டோடும் குளிசையோடும் குடிக்கும் தேநீரைத் தள்ளி வையுங்கள். இரும்பை உடம்பு எடுக்க விடாமல் தேநீர் பெரிதும் தடுக்கும். இரத்தப்போக்கு ஏன் அதிகம் என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். இந்த வயதில் கர்ப்பப்பைக் கட்டிகள் சாதாரணம்.

விரல்கள் வெள்ளை, நீலம், சிவப்பு என்று நிறம் மாறினால் அடுத்த முறை கைபேசியில் படம் எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். அறைக்குள் வந்ததும் எல்லாம் மறைந்துவிடுவதால் விளக்கிச் சொல்வது கடினம். விரல் நுனியில் புண், மூட்டு வீக்கம், தோல் இறுக்கம் இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

அதிமதுரத்தை நிறுத்துங்கள்

ஊரில் சின்ன வயதிலிருந்தே வாயில் போட்ட வேர் என்பதால் உங்களுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. அளவுதான் பிரச்சினை. அதிமதுரத்தின் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது, பிரஷர் ஏறுகிறது. உங்கள் ஹைட்ரோகுளோரோதையசைட்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து. இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. கெண்டைக்கால் பிடிப்பு, தசைச் சோர்வு, படபடப்பு இருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஐரோப்பிய உணவுக் குழு ஒரு நாளைக்குச் சொன்ன மேல் எல்லை 100 மி.கி. கிளிசிரைசிக் அமிலம் (கிளிசிரைசினின் இன்னொரு பெயர்). நல்ல வேரில் எடைக்கு 2 சதவீதமாவது இருக்கும். அதாவது 5 கிராம் வேர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். தினமும் மூன்று கோப்பையில் நீங்கள் அதைத் தாண்டியிருக்கக் கூடும். நிறுத்தினாலும் அதன் வேலை ஓரிரு வாரம் நீடிக்கும், ஆகவே பொட்டாசியம் பார்க்கும்போது எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு அவித்த தண்ணீர் உங்கள் இருமலுக்குப் போதும். சீனப் பொட்டலங்களில் 'கம் ஸோ' என்ற பெயரில் இதே அதிமதுரம் வருகிறது. மற்ற மூலிகைகளை இணக்கமாக்க என்று பெரும்பாலான கூட்டு மருந்துகளில் சிறிதளவு சேர்ப்பார்கள்.

அந்தப் பாகு

உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் பாகின் பின்னால் ஒரு பெரிய வழக்கம் இருக்கிறது. ஷாங்ஹாய்ப் பக்கத்தில் குளிர்காலத்துக்கென்று, வருபவரின் நாடியையும் நாக்கையும் வைத்தியர் பார்த்து, அவருக்கு மட்டும் இருபது முப்பது மூலிகைகள் எழுதி, பல மணி நேரம் காய்ச்சி இறக்குவது இந்தப் பாகு. அதைத் தொடங்கும் முன் ஓரிரு வாரம் ஒரு 'வழி திறக்கும்' கஷாயம் கொடுத்து, வயிறு ஏற்கிறதா என்று பார்ப்பார்கள். டிசம்பர் 21 வாக்கில் வரும் டொங்ஜி என்ற நாளிலிருந்து பெப்ரவரி 4 வாக்கில் வரும் லிச்சுன் என்ற வசந்தத் தொடக்கம் வரை எடுப்பார்கள். 'பலவீனமானவன் சத்து மருந்தைத் தாங்க மாட்டான்' என்பது அவர்களுடைய சொல். காய்ச்சல், தடிமன் வந்தால் பாகை உடனே நிறுத்தச் சொல்வார்கள். கள்ளனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது என்று அதைச் சொல்வது வழக்கம்.

முகம் தெரியாத யாரோ முகம் தெரியாத யாருக்கோ காய்ச்சியதை இணையத்தில் வாங்கிக் குடிப்பது, அந்த மரபையே மீறுவது. அதோடு இந்தப் பாகுகளை இறுக வைக்கப் பெரும்பாலும் சேர்ப்பது 'அ ஜியாவ்': கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. விரதம் இருக்கும் வீட்டில் இது தெரியாமல் போகக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன். ஜின்செங், டொங் குவாய், அதிமதுரம் மூன்றும் ஒரே போத்தலில் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. போத்தலைத் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஜின்செங்கைத் தனியாகவும் கேட்டிருந்தீர்கள். கொரிய ஜின்செங் சீனக் கணக்கில் சூடு. பிரஷரும் தூக்கமின்மையும் உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்க ஜின்செங் குளிர்ச்சி. அது உங்கள் ஒன்ராறியோவின் நோர்ஃபோக் பகுதியில் வயல் வயலாக விளைந்து சீனாவுக்குப் போகிறது. ஆனால் வார்ஃபரினின் வேலையை அது குறைப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். டொங் குவாய் ஒரு பக்கம் இழுத்தால் இது மறுபக்கம் இழுக்கும். மாமிக்கு இரண்டுமே வேண்டாம்.

மரபில் எடுத்துக்கொள்ளக் கூடியது

சீனர்களின் குளிர்கால வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பொட்டலத்தில் வருவதே இல்லை. ஆண்டை 24 பருவங்களாகப் பிரிக்கிறார்கள். நவம்பர் 7 வாக்கில் லிடொங், குளிர்காலத் தொடக்கம். ஆண்டின் மிக நீண்ட இரவு டொங்ஜி. அதிலிருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக 81 நாள் எண்ணினால் கடுங்குளிர் போய்விடும் என்பது கணக்கு. நீங்கள் எழுதிய '81 நாள்' அதுதான். அது குளிரை எண்ணும் நாட்காட்டி, மருந்துக் கெடு அல்ல.

ஹுவாங்டி நெய்ஜிங் என்ற அவர்களுடைய பழைய மருத்துவ நூல், குளிர்காலம் மூடிச் சேமிக்கும் காலம் என்கிறது. நேரத்தோடு படு, பிந்தி எழு, வெயில் வரும்வரை காத்திரு, குளிரை விட்டு விலகி வெதுவெதுப்பை நாடு, தோலைத் திறந்து வியர்க்க விடாதே. மார்கழி மாதம் நாலு மணிக்கு எழுந்து தலைக்கு முழுகுவது நம் பழக்கம். யாழ்ப்பாணத்துப் பனிக்கு அது பொருந்தியது. டிசம்பர் 21இல் ரொறொன்ரோவில் சூரியன் எழவே காலை ஏழே முக்கால் தாண்டிவிடும், பின்னேரம் நாலே முக்காலுக்குள் மறைந்துவிடும். மாமி தலை முழுகியே தீருவேன் என்றால் வெந்நீரில் முழுகித் தலையை உலர்த்தியிலேயே உலர்த்தட்டும். விடியற்காலை இருட்டில் குளியலறைக்குத் தனியாகப் போவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

'வெயிலுக்காகக் காத்திரு' என்ற வரி உங்கள் மனச்சோர்வுக்கு நேரான மருந்து. பருவகால மனச்சோர்வு நன்கு அறிந்த நோய். 1984இல் அமெரிக்காவில் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள். காலை எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் 20 முதல் 30 நிமிடம் இருப்பது அதற்கான சிகிச்சை. விளக்கை நேரே பார்க்காமல், ஓர் அடி தூரத்தில் சற்றுப் பக்கவாட்டாக வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். விழித்திரை நோயோ, மனம் மிதமிஞ்சி எழும்பி விழும் நோயோ இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மதியம் இருபது நிமிடம் வெளியே நடந்தாலும் உதவும். வாழ்வதில் பிடிப்பே இல்லை என்ற எண்ணம் வந்தால் விளக்குக்காகக் காத்திருக்காதீர்கள். கனடாவின் உதவித் தொலைபேசி எண் 988க்கு அழைக்கலாம், இரவு பகல் எந்நேரமும்.

இருந்தும் ஒரு குறை அந்த வெயிலால் தீராது. ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை உங்கள் ஊர் வெயில் வைட்டமின் டி தராது, நம் தோல் நிறத்துக்கு இன்னும் கடினம். கனடாவின் அளவு உங்களுக்கு நாளொன்றுக்கு 600 ஐ.யு., 70 தாண்டிய மாமிக்கு 800. கேட்காமல் 4,000க்கு மேல் போக வேண்டாம். சூப்பை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

கால் ஊற வைப்பது இன்னொரு நல்ல வழக்கம். குளிர் காலடியிலிருந்து ஏறும் என்பார்கள். 40 பாகை வெந்நீரில், கெண்டைக்கால் பாதி மூழ்க, படுக்கும் முன் 15 நிமிடம். நெற்றி இலேசாக ஈரமானால் போதும், வியர்வை ஒழுகக் கூடாது. நன்றாகத் துடைத்து உடனே காலுறை போடுங்கள். ஈரக் கால் முன்பைவிடக் குளிரும். மாமிக்குச் சலரோகம் இருந்தால் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். தண்ணீரின் சூட்டை அவர் காலால் பார்க்க விடாமல் நீங்கள் வெப்பமானியிலோ முழங்கையிலோ பாருங்கள்.

'குளிரில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி' என்பது அவர்களின் பழமொழி. நமக்கு விசித்திரமாகத்தான் இருக்கும், முள்ளங்கி குளிர்ச்சி அல்லவா. குளிர்காலத்தில் இறைச்சியும் கொழுப்பும் அதிகம், வீட்டுக்குள் ஹீற்றரின் வறட்சி. உள்ளே சேரும் அந்தச் சூட்டை முள்ளங்கி இறக்கும் என்பது அவர்களுடைய நியாயம். நம் சூடு-குளிர்ச்சிப் பட்டியலும் அவர்களுடையதும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. நாம் குளிர்ச்சி என்று குடிக்கும் மல்லியின் இலை அவர்களுக்குச் சூடு. ஆகவே 'எங்கள் ஊரிலும் இது உண்டு' என்று நினைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடாதீர்கள். ஒன்றில் மட்டும் இரண்டு ஊரும் சந்திக்கின்றன: குளிருக்கு அவர்கள் கறுப்பு எள்ளைத் தேடுகிறார்கள், டொங்ஜி நாளில் தென்சீன வீடுகளில் இஞ்சிப் பாகில் மிதக்கும் அரிசி உருண்டைக்குள் பல வேளைகளில் இருப்பது அதுதான். உங்கள் எள்ளுருண்டையை ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

மகனுக்கு

சத்து மருந்து எதுவும் வேண்டாம். சீன மரபிலும் வளரும் பிள்ளைக்கு ஜின்செங் கொடுப்பதில்லை. தடிமன் என்றால் இஞ்சித் தண்ணீர், படுக்கும் முன் இரண்டு தேக்கரண்டி தேன், நல்ல தூக்கம். படுக்கையறையில் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் இரவு இருமல் குறையும். அதற்கு மேல் கூட்டினால் ஜன்னலில் நீர் வழிந்து பூஞ்சணம் பிடிக்கும். இன்ஃபுளுவென்சா தடுப்பூசி ஒன்ராறியோவில் ஆறு மாதம் தாண்டிய எல்லோருக்கும் இலவசம், நால்வரும் போடுங்கள். மாமியின் ஊசி தசையில் போடுவதால் வார்ஃபரின் எடுக்கிறார் என்று முதலே சொல்லி, போட்ட இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம்

சூப்பை மறுத்தால் மனம் நோகுமே என்று எழுதியிருக்கிறீர்கள். இரத்தம் கட்டாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு 'இரத்தத்தை ஓட வைக்கும்' வேரைக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு மிக எளிதாக விளங்கும், அது அவருடைய சாத்திரமே. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் காட்டி, மாமியின் சட்டியில் இவை வேண்டாம் என்று கேளுங்கள்: டொங் குவாய், காவ் கெய் (கோஜி), டான் சம் (வார்ஃபரினோடு சேரக் கூடாத இன்னொரு வேர்), ஃபா கேய் சம் (அமெரிக்க ஜின்செங்). உங்களுக்கு டொங் குவாயும் கம் ஸோவும் வேண்டாம். ஹுங் ஜோ என்ற சிவப்புப் பழமும் சமையலுக்குப் போடும் அளவு இஞ்சியும் இருக்கலாம்; மாமிக்கு இஞ்சிக் குளிசை மட்டும் கூடாது.

சீன வைத்தியம் பார்க்கவே விரும்பினால் அது உங்கள் உரிமை, நான் தடுக்க மாட்டேன். ஒன்ராறியோவில் 2013 முதல் இந்தத் தொழில் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆர்.டி.சி.எம்.பி என்ற பட்டம் உள்ளவர் மூலிகை எழுதலாம், ஆர்.ஏசி என்பது அக்குபங்சருக்கு. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் அளவையும் தாளில் கேட்டு வாங்குங்கள். போத்தலில் வருவதானால் என்.பி.என் என்று கனடா அரசின் எட்டு இலக்க அனுமதி எண் இருக்க வேண்டும். மரப்பெட்டி இழுப்பறையிலிருந்து நிறுத்துத் தரும் வேர்களுக்கு அந்த எண் இருக்காது, அங்கேதான் பெயர் முக்கியம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மூலிகை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகம் அழிந்தது, ஏறக்குறைய ஒரே போல ஒலிக்கும் இரண்டு சீன வேர்கள் மாறிப் போனதால்.

எல்லாப் பொட்டலங்களையும், குளிசைப் போத்தல்களையும், அதிமதுரத்தையும் ஒரே பையில் போட்டு உங்கள் பாமசிக்குக் கொண்டு போங்கள். மாமியின் மருந்துகளையும் உங்களுடையதையும் ஒன்றாக இருந்து சரிபார்த்துத் தரும்படி மருந்தாளரிடம் கேளுங்கள். ஆனால் கிளினிக்குக்கு அழைப்பது அதற்கு முன், இன்றே.